‘சில நாட்களில்’ என்ற கட்டம்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடு அப்பா எழுதுவது. எனக்கு ஒன்றும் குறைவில்லை, இரத்த அழுத்தம் போன மாதம் இருந்த அளவிலேயே நிற்கிறது, முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது. அடுத்த வரியில் அம்மா நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அதை எழுதவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டைகள் இரண்டும் வந்து சேர்ந்தன, அம்மாவுக்கு அளவு சரியாக இருக்கிறது, பொத்தான்தான் சின்னதாகப் போய்விட்டது, இனிமேல் வாங்கினால் தலைவழியாகப் போடும் மாதிரி பார்த்து வாங்கு. குளியலறைக் கூரை ஒழுகியது நின்றுவிட்டது. எதிர் வீட்டு எலக்ட்ரீசியன் வந்து மின்னடுப்புக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொடுத்தான், அதை அலமாரிக்குள் மறைவாக வைத்திருக்கிறோம், அதைப் போடாமல் அடுப்பு சூடாகாது. “இனிமே உங்க வீட்ல தண்ணி கொதிக்கணும்னாகூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணும் சார்” என்று சிரித்துக்கொண்டே ஸ்குரூவை முடுக்கினான். நானும் சிரித்தேன். அப்படி ஒரு சுவிட்ச் எதற்கு என்று நீ இப்போது யோசிப்பாய்.

போன ஞாயிறு போனில் கேட்டாய், அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை என்னப்பா ஆச்சு என்று. நடந்துகொண்டிருக்கிறது என்றேன். அது உண்மை இல்லை. ஏழு வாரத்துக்கு முன்பே மறுத்துவிட்டார்கள். பழுப்பு உறையில் ஒரே தாள், ‘விண்ணப்பதாரர் அன்றாட வாழ்வில் தன்னிச்சையாக இயங்கும் நிலையில் உள்ளார்’ என்று ஒரே வாக்கியம். அந்த அட்டை இருந்தால்தான் பகல் பராமரிப்பு மையத்தில் வாரம் மூன்று நாள் இடம், திங்கள் புதன் வெள்ளி, காலையில் வேன் வந்து அழைத்துப்போகும், மாலை திரும்பக் கொண்டுவந்து விடும். அட்டை இல்லாதவர்களைப் பதிவே செய்ய மாட்டார்கள். அந்த மூன்று நாளும் இல்லையென்றால் அதற்கடுத்தது நிரந்தர விடுதிதான், ஊருக்கு வெளியே, இவளை விட்டுவிட்டு நான் பார்வை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய இடம். நரம்பு டாக்டர் அதைப் போன மாதம் வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் பார்த்தது அம்மாவை இல்லை, என்னை. “நீங்க விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க சார்” என்றார். ஒன்பது மாதத்தில் என் எடை எட்டு கிலோ குறைந்திருக்கிறது. கேட்டதற்காக அழவோ கோபப்படவோ தோன்றவில்லை, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவின் செருப்பைத் தேடினேன்.

மறுப்புக்கு முதல் காரணம் நான்தான். விண்ணப்பம் பதினொரு பக்கம், ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம், முடியும், முடியாது, சில நாட்களில் முடியும். உதவியின்றி உடை உடுத்துவாரா, உதவியின்றிக் குளிப்பாரா, நேரத்துக்குச் சாப்பிடுவாரா. செய்தி எழுதிப் பழகிய கை, இல்லாததைச் சொல்லாது, இருப்பதைக் கூட்டாது, சில நாள் தானாகவே குளிக்கிறாள் என்பது உண்மை என்பதால் இருபத்திரண்டு கேள்விகளில் பதினாறுக்குச் ‘சில நாட்களில்’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். மறுப்பு வந்தபின் அலுவலக ஜன்னலில் போய்க் கேட்டபோது அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். “சில நாள்னா முடியும்னுதான் சார் நாங்க எடுத்துப்போம். காலே இல்லாதவரு சில நாள் நடக்க மாட்டாரு இல்ல?” அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவன் யாரைக் குறை சொல்வது.

இரண்டாவது காரணம் மதிப்பீடு. ஒன்பது வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தாள், முப்பது வயது இருக்கும், தோளில் கனமான பை, இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அம்மா இருபத்தாறு வருடம் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதியவன் நீ. புது ஆளைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள், முதுகு நிமிர்ந்தது, குரல்கூட மாறிவிட்டது. “வாங்கம்மா, உட்காருங்க. எந்தப் பக்கம் வலிக்குது?” என்று கேட்டாள். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்தபடி இடது பக்கம் கீழே என்றாள். “சூடா குடிச்சா வலிக்குதா, ஜில்லுனு குடிச்சாலா?” ஜில்லென்று குடித்தால்தான் என்றாள். “அப்ப பயப்படாதீங்க, வேர் வரைக்கும் போயிருக்காது. வியாழக்கிழமை பத்தரைக்கு வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். கூட்டமா இருந்தாலும் நேரா மேசைக்கு வந்து என்னைக் கேளுங்க.” பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கு மேல் மாடி என்று விலாசமும் சொன்னாள். அந்தப் பெண் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள். டாக்டர் காலமாகி, கிளினிக் மூடி ஆறு வருடம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், வரிசையில் முண்டியடிக்கும் ஆளைப் பார்க்கும் பார்வை. “சார், கொஞ்சம் வெளிய உட்காருங்க, உங்க முறை வரும்போது கூப்பிடறேன்” என்றாள். மனைவி கணவனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் எழுந்து வெளியே போனேன். வேற்று ஆள் முன்னால் அவளைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை, அதைத்தான் நான் செய்த தப்பு என்று இப்போது சொல்வேன். கூடத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சமையல் நீங்களே செய்றீங்களா, செய்றேன். மருந்து நீங்களே எடுத்துப்பீங்களா, எடுத்துப்பேன். வெளியே தனியா போவீங்களா, தினமும் வேலைக்குப் போறேனே. கடைசிப் பதிலை அந்தப் பெண் ஒரு காலத்து வேலையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம். போகும்போது அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மறுப்பு வந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். ‘சுத்தமாக உடுத்தியிருந்தார். கண்ணைப் பார்த்துப் பேசினார். பிறர் உடல்நிலையை அக்கறையுடன் விசாரித்தார். நகைச்சுவை உணர்வு உண்டு. அன்றாட வேலைகளைத் தாமே செய்வதாகக் கூறினார். கணவர் பாதியில் வெளியே சென்றுவிட்டார்.’ அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நாளிதழில் இருந்த காலத்தில் யாராவது செய்தி தப்பு என்று வந்தால் மறுப்பா திருத்தமா என்று முதலில் கேட்போம், மறுப்பு என்றால் சண்டை, திருத்தம் என்றால் கூடுதல் தகவல். மேல்முறையீட்டோடு நான் திருத்தம் அனுப்பினேன். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து இடது பக்கம் அவர்கள் அறிக்கை, வலது பக்கம் அதே நாளில் என் குறிப்பேட்டில் இருந்தது. அதிகாலை ஐந்து பத்துக்கு விழித்தாள். ஆறு நாற்பதிலிருந்து ஏழு ஐம்பத்தைந்துவரை உடை மாற்றியது, நான்கு முறை கழற்றிவிட்டாள். பத்து ஐந்துக்கு மதிப்பீட்டாளர். பதினொன்றுக்குப் படுத்துவிட்டாள், இரண்டரைவரை அசையவில்லை. எழுந்ததும் இது யார் வீடு என்று கேட்டாள். மூன்றே காலுக்குச் சாப்பிட்ட தட்டைத் துணி அலமாரியில் வைத்தாள். நான்கு இருபதுக்கு கிளினிக் சாவி எங்கே என்றாள். ஐந்து ஐந்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடித்தேன், காலில் ஒரு செருப்பு, நின்றவர்களுக்கு மூன்றாம் நம்பர் நான்காம் நம்பர் என்று முறை சொல்லிக்கொண்டிருந்தாள். உரிச்சொல் ஒன்றும் சேர்க்காமல் இவ்வளவுதான் எழுதி அனுப்பினேன்.

நாலு நாளில் அந்த அலுவலகக் கண்காணிப்பாளர் போன் செய்தார், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் பெண்மணி, நேரடியாகப் பேசுகிறவர். “சார், எங்க ஆளுங்களுக்குக் கை இல்லன்னா தெரியும், கண்ணு தெரியலன்னா தெரியும், இது தெரியல. போன வருஷம் மறதிநோய்னு முப்பத்தோரு விண்ணப்பம் வந்துச்சு, நாலுதான் பாஸாச்சு. மத்த இருபத்தேழு பேரும் நல்லாருக்காங்கன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசுங்களேன்” என்றார். டாக்டரைக் கூப்பிடுங்களேன் என்றேன். “டாக்டர் வந்தாரு சார், மூளைப் படம் போட்டுக் காட்டினாரு. எல்லாரும் தூங்கிட்டாங்க” என்றார். பிறகு ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொன்னார். நான் அவர்களுக்கு வகுப்பு எடுத்தால் என் மனைவியின் மேல்முறையீட்டை அந்த அலுவலகம் தொடக்கூடாது, சலுகை காட்டினார்கள் என்று பேச்சு வரும், கோப்பு பக்கத்து வட்ட அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே யாரும் இந்த வகுப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதாவது நான் சொல்லிக்கொடுத்தவர்கள் அம்மாவைப் பார்க்க மாட்டார்கள், பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்துச் சரி என்றேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதே. ஜன்னலில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் நின்றார், அவர் மனைவி அவருடைய சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூன்று மணி நேரமும் விடவே இல்லை. அவரும் சில நாட்களில் என்ற கட்டத்தில்தான் குறி போட்டிருந்தார். அந்தத் தாளை நான் எட்டிப் பார்த்தேன்.

வகுப்பு போன மாதம் இருபத்தைந்தாம் தேதி. அம்மாவோடு எலக்ட்ரீசியன் இருந்தான், அவனுக்கு அன்று வேலையில்லை என்று சொன்னான், அது பொய்யாக இருக்கலாம். அலுவலகத்தின் கோப்பறைக்குப் பக்கத்தில் நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது, பதினான்கு பேர், சாப்பாட்டு நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருந்தார்கள் என்பதால் சிலர் டப்பாவோடு வந்திருந்தார்கள். மறதிநோய் என்றதுமே பின்வரிசையில் ஒருவர், “அது எங்க மேனேஜருக்கே இருக்கு சார், லீவு லெட்டர் குடுத்தா மறுநாளே மறந்துடறாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கண்காணிப்பாளரும் சிரித்தார், நானும். நோயைப் பற்றி நான் ஒன்றும் விளக்கவில்லை, எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பத்தித் தாளைப் பெயர் இல்லாமல் நகல் எடுத்துக் கொடுத்தேன். இடது பக்கத்தைப் படிக்கச் சொன்னேன், பிறகு வலது பக்கத்தை. வலது பக்கம் படிக்கும்போது டப்பா திறக்கும் சத்தம் நின்றது. பிறகு ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, இவர் தானாகவே குளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் கையால் தொடவே மாட்டேன் என்று சொல்லி, காலையில் அம்மாவிடம் சொல்வதை வரிசையாகச் சொன்னேன். எழுந்திரு. இந்தப் பக்கம். கதவைத் தள்ளு. தண்ணீர் சூடு இல்லை, கை வைத்துப் பார். சட்டையைக் கழற்று. அது கழற்றியாயிற்று, இது மட்டும். குவளை உன் கையில்தான் இருக்கிறது. இப்படி இருபத்தொன்பது வாக்கியம். ஒன்றை விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள், ஒரு தடவை விட்டுப் பார்த்தேன், பதினெட்டு நிமிடம் குவளையோடு நின்றாள். உதவியின்றிக் குளிப்பாரா என்று உங்கள் படிவம் கேட்கிறது, கைதான் உதவி என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன், வாயும் உதவிதான் என்று எழுத அங்கே இடம் இல்லை என்றேன். முடியுமா என்று கேட்காதீர்கள், இன்று காலை என்ன நடந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அடுக்களையைப் போய்ப் பாருங்கள், கூட இருப்பவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள் என்றேன்.

கோப்புப் பிரிவின் மூத்த எழுத்தர் கையைத் தூக்கினார். “கோவிச்சுக்காதீங்க சார். இருபது வருஷமா ஏமாத்த வர்றவங்களைப் பாத்துட்டோம். நல்லா நடக்கறவன் ஜன்னல் வந்ததும் நொண்டுவான். வீட்டுக்காரங்க சொல்றதையெல்லாம் எழுதிக்கிட்டா எங்க வேலைதான் போகும்” என்றார். கோபிக்க என்ன இருக்கிறது. அந்த நொண்டுகிறவன் முடியாது என்று நடிக்கிறான், இந்த நோய் வந்தவர்கள் முடியும் என்று நடிக்கிறார்கள், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மரியாதையெல்லாம் எடுத்து நாற்பது நிமிடம் செலவழிப்பார்கள், நீங்கள் போனதும் ஒன்றும் மிச்சம் இருக்காது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்ப நல்லா பேசினா நோய், நல்லா பேசலன்னாலும் நோயா? நல்லாருக்கே கதை” என்றார்.

அப்போதுதான் சுவர் ஓரத்திலிருந்து அந்த மதிப்பீட்டாளர் எழுந்தாள். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை, நகலில் பெயரும் இல்லை. “இது நான் எழுதின ரிப்போர்ட்டுங்க” என்றாள். பிறகு, “நான் போனேன்” என்றாள். எங்கே என்று யாரோ கேட்டார்கள். “அந்தம்மா வியாழக்கிழமை பத்தரைக்கு வரச் சொன்னாங்க. அரை நாள் லீவு போட்டுட்டுப் பல்லைக் காட்டப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னாடி, மருந்துக்கடை மாடின்னு சொன்ன மாதிரியே இருந்துச்சு. மேல ஏறிப் பாத்தா செருப்புக் கடை.” அறையே சிரித்துவிட்டது. செருப்புக்கடைக்காரர், பல்லா, இங்க காலுக்குத்தான் பாப்போம் என்று சொன்னாராம். அவள் சிரிக்கவில்லை. “ரிப்போர்ட் புதன்கிழமையே மேல போயிடுச்சு. திருப்பி வாங்கறதுக்கு ஃபாரம் கிடையாதுன்னாங்க. சொன்னா என்னையே கேலி பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன். மனசு நல்லா இருக்கற ஒருத்தரு சொன்னதுன்னு நம்பித்தானே போனேன். போய்ப் பாத்ததையே நான் எழுதிக் குடுத்திருக்கணும். ரெண்டு மாசமா எழுதல.” பக்கத்தில் இருந்தவள் மெதுவாக, “பல்லு என்னடி ஆச்சு?” என்று கேட்டாள். பிடுங்கியாச்சு என்றாள். மூத்த எழுத்தர் தன் நகலைத் திரும்ப எடுத்து வலது பக்கத்தை முதலிலிருந்து படித்தார். ஒரு மணி நேரம் முடிந்து பதினைந்து நிமிடம் ஆகியும் யாரும் சாப்பிடப் போகவில்லை.

அந்தப் பெண் நடந்ததை அன்றே கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்தாள், அது கோப்போடு பக்கத்து வட்டத்துக்குப் போகிறது. கண்காணிப்பாளர் என்னைத் தன் அறையில் உட்காரவைத்துக் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார். “இது உங்களுக்குத் தெரியுமா சார்? தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்” என்றார். நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குடும்ப உறுப்பினர் கூற்று என்று தலைப்பு, அதை நீ மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாய். ‘என் தாயார் ஒவ்வொரு ஞாயிறும் என்னுடன் தெளிவாகப் பேசுகிறார். நான் சாப்பிட்டேனா என்றும் மழை பெய்கிறதா என்றும் கேட்கிறார். பேத்தியின் படிப்பை விசாரிக்கிறார். வயதுக்கேற்ற மறதி இருப்பதாகத் தெரிகிறது. தந்தை சற்று அதிகமாகக் கவலைப்படும் சுபாவம் உள்ளவர்.’ ‘தெளிவாகப் பேசுகிறார்’ என்பதன் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், எழுத்துப்பிழை இல்லை.

உன்மேல் வருத்தம் இல்லை, இதை மரியாதைக்குச் சொல்லவில்லை. நீ கேட்டதை நீ எழுதினாய். நீ கேட்டதைத் தயார் செய்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆரம்பிப்பேன். முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் உட்காரவைத்து, போனுக்குப் பக்கத்தில் உன் படமும் பேத்தியின் படமும். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன், சாப்பிட்டியாடா, மழையா, பாப்பா எப்படிப் படிக்கிறா, உடம்பைப் பாத்துக்கோ. ஒவ்வொன்றுக்கும் நீ நாலு நிமிடம் பேசுவாய், நான் பக்கத்தில் நின்று அடுத்த வரியில் விரல் வைப்பேன். போனை வைத்ததும் யாரு பேசினாங்க என்று கேட்பாள். எட்டு மாதமாக இதுதான். நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் நீ வந்திருந்த அந்த ஐந்து நாளும் நீ வெளியே போன நேரத்தில்தான் அவளைத் தூங்கவைத்தேன், நீ இருக்கும்போது தெளிவாக இருக்கட்டும் என்று. பதினான்கு பேருக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னேன், அது தெரிய வேண்டிய பதினைந்தாவது ஆள் நீ. உனக்குச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இப்போது விஷயம். பக்கத்து வட்ட அலுவலகம் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டது, புதிய குடும்ப உறுப்பினர் கூற்று இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வர வேண்டும் என்கிறார்கள். வராவிட்டால் பழையதே நிற்கும். பழையது நின்றால் இந்தத் தடவையும் மறுப்பார்கள், அதற்கப்புறம் ஒரு வருடம் விண்ணப்பிக்க முடியாது, எனக்கு ஒரு வருடம் தாங்காது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதாதே. நான் சொன்னதை நீ எழுதினால் அது உன் கூற்று இல்லை, என் கூற்றுக்கு உன் கையெழுத்து. உன் காதால் கேட்டதை மட்டும் எழுது. அதற்கு நீ அம்மாவைக் கேட்க வேண்டும்.

இன்று மூன்றாம் தேதி சனிக்கிழமை, கூரியரில் அனுப்புகிறேன், ஒன்பதாம் தேதிக்குள் உன் கையில் இருக்கும். நாளை ஞாயிறு நீ வழக்கம்போலக் கூப்பிடுவாய், அந்த நாலு வரி அட்டையும் வழக்கம்போல இருக்கும், நாளைய பேச்சைக் கணக்கில் சேர்க்காதே. கடிதம் கிடைத்ததும் பதறிப்போய்க் கூப்பிடாதே, பதினோராம் தேதி ஞாயிறும் கூப்பிட வேண்டாம். பதின்மூன்றாம் தேதி செவ்வாய், இங்கே மாலை நாலரை மணிக்கு வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. உனக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம், அன்று தாமதமாக வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அறையில்தான் இருப்பேன். அட்டை இருக்காது, படம் இருக்காது. முதல் தடவை எடுக்காமல் போகலாம், மறுபடி அடி. எடுத்துவிட்டுப் பேசாமல் மேசைமேல் வைத்துவிடலாம், வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டே இரு. உன்னை யாரோ என்று நினைத்துப் பேசலாம். இல்லை என்று திருத்தாதே. நான் யாருன்னு தெரியுதாம்மா என்று மட்டும் கேட்காதே, அந்தக் கேள்வி அவளைப் பயமுறுத்துகிறது, அதை நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் இரு. பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. மருமகள் இருக்கட்டும். முடிந்ததும் மணியையும் சொன்ன வார்த்தைகளையும் உடனே எழுதி வை, மறுநாள் எழுதினால் நல்லதாகவே நினைவு வரும், பெற்ற பிள்ளை மனம் அப்படித்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். சில நாட்களில் அவள் நன்றாகவே பேசுகிறாள், அட்டை இல்லாமலே, போன வாரம் ஒரு மாலை உன் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பற்றிக் கால் மணி நேரம் ஒரு பிசிறு இல்லாமல் பேசினாள். செவ்வாய் அப்படிப்பட்ட நாளாக இருந்துவிட்டால் அதையும் அப்படியே எழுது. இடம் கிடைக்காமல் போகலாம், போனாலும் எழுது. அன்று எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

குளிர் காலம் வருகிறது, பேத்திக்குக் காது மூடித் தொப்பி போடுங்கள், போன தடவை படத்தில் அவள் காது சிவந்திருந்தது. மருமகளுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா என்று எழுதச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் ஒருவருக்கொருவர் துணையாகவும் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு, அம்மாவுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி, செவ்வாய், மாலை நாலரை. எத்தனை தடவை அடித்தாலும் அவள் எடுக்கும்வரை நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
அன்புடன்
அப்பா